அறுவடைக்குப் பிந்திய வாரங்கள்: அட்டாளைச்சேனைக் கரையில் நட்பும் பயணமும் பாட்டும் பள்ளிவாசலும்

அட்டாளைச்சேனையில் ஆண்டின் இனிய வாரங்கள் எப்போது தொடங்குகின்றன என்பதை நெல்லும் கடலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீடிக்கும் வாடைக்காற்று, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, இலங்கையின் கிழக்குக் கரைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொடுத்து ஓய்ந்த பின்னர், பெரும்போகம் என வழங்கும் முதற்போக நெல் முற்றி, மாசி பங்குனிக்குள் அறுவடை பெரும்பாலும் நிறைவெய்துகிறது. அதே காலத்தில் கடலும் கொந்தளிப்பு அடங்கிக் கரைவலைத் தோணிகளுக்கு இடங்கொடுக்கிறது. மத்திய மலைநாட்டைக் கடக்கையில் ஈரத்தை இழந்து, வெப்பத்தோடு வந்திறங்கும் கச்சான் காற்று வைகாசிக்குப் பின் வலுக்கும் வரையிலான இந்த இடைவெளியில், கையில் ஓரளவு காசும் வீட்டில் புது நெல்லும் இருக்க, வயல் வேலையின் நெருக்கடி தளர்ந்த மனிதர்கள் ஒருவரையொருவர் தேடிச் செல்லத் தொடங்குகிறார்கள். நண்பர்களோடு சேர்ந்து ஊர் கடந்து போவதும், கூடியிருந்து பாட்டுக் கேட்பதும், பள்ளிவாசலின் பொது விருந்தில் தோளோடு தோள் உரச உட்காருவதும் இவ்வூர்களில் இப்பருவத்துக்கே உரியவையாக நெடுங்காலம் இருந்துவந்துள்ளன.

இங்கே பேசப்படும் நிலப்பரப்பு நீளமானது, ஆனால் அகலம் குறைந்தது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக வந்து கரையோரமாக வடக்கு நோக்கி மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையின் இருபுறத்திலும் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்களும் தமிழ் இந்துக்களின் ஊர்களும் மாறி மாறி வருவதும், இரு சமூகத்தாரும் கிழக்கே கடலையும் மேற்கே வட்டையையும், அதாவது நெல்வயல் வெளியையும், நம்பி வாழ்வதும் இக்கரையின் அடிப்படை இயல்பு. அட்டாளைச்சேனை இவ்வரிசையின் தென்பகுதியில், ஆசிரியர் கலாசாலைக்கும் கிழக்கிலங்கை அரபுக் கல்லூரிக்கும் பெயர்பெற்ற ஊராக விளங்குகிறது. அதன் வடக்கே ஒலுவிலில் 1995இல் தொடங்கப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததால், சனி ஞாயிறுகளின் முகத்தையே ஓரளவு மாற்றியுள்ளது.

வார இறுதி என்பதும் இங்கே பல அடுக்குகளைக் கொண்டது. அரச அலுவலகங்களும் பாடசாலைகளும் சனி, ஞாயிறு தினங்களில் மூடப்பட்டாலும், ஊர் ஒன்றுகூடும் நாள் வெள்ளிக்கிழமையே. நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசும் அந்த அரைமணி நேரத்திலேயே மறுநாள் பயணங்கள் பல முடிவாகின்றன. 1966 முதல் 1971 வரை இலங்கை அரசு சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நிலைகளைப் பின்பற்றும் போயா நாட்களை வாராந்த விடுமுறையாக்கியிருந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் விடுமுறை வாரத்தின் எந்தக் கிழமையிலும் வரக்கூடியதாக இருந்தது. ஆட்சியாளர் நாட்காட்டியை எப்படி வரைந்தாலும், கரையோரத்து உழவனுக்கும் மீனவனுக்கும் ஓய்வு என்பது பருவத்தாலேயே வகுக்கப்பட்டது என்பதை இது நினைவூட்டுகிறது.

அறுவடைக் காலத்தின் நேரடி இசை மேடையில் பிறந்ததன்று. நெல் பால்பிடிக்கும் காலம் முதல் களவெட்டியில், அதாவது சூடு மிதிக்கும் களத்தில், பொலி தூற்றி முடியும் வரை யானைக்கும் பன்றிக்கும் காவலாக ஆண்கள் வட்டைக்குள் பரண் கட்டியும் வாடி அமைத்தும் இரவைக் கழித்தார்கள். ஒரு பரணிலிருந்து பாடப்படும் கவிக்கு இன்னொரு பரணிலிருந்து மறுகவி வரும் வழக்கம் அந்த விழிப்பின் பயனாக வளர்ந்தது. கவி என்பது இப்பகுதி முஸ்லிம்கள் தங்கள் நாட்டார் பாடலுக்கு வழங்கும் பெயர். காதல், பிரிவு, மச்சான் மச்சி கேலி, போடியார் எனப்படும் நிலவுடைமையாளர் மீதான முறைப்பாடு, ஆண்டவனிடம் முறையீடு ஆகிய அனைத்தும் சுருங்கிய அடிகளுக்குள் அடங்கும் இப்பாடல் வகைக்குப் பக்கவாத்தியம் தேவையில்லை. நீட்டி இசைக்கும் குரலும், அதைக் கேட்கும் இருளும், பதில் சொல்லும் கூட்டாளியும் இருந்தால் போதும். நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணியும் எழுத்தாளருமான எஸ். முத்துமீரான் இப்பாடல்களை ஊர் ஊராகத் தேடித் திரட்டி நூலாக்கினார். அவருடைய உழைப்பு இல்லையெனில் இன்றைய தலைமுறைக்கு அவற்றில் பெரும்பகுதி கிடைத்திராது என்றே கருதவேண்டும்.

இக்கவி மரபு ஏன் மெலிந்தது என்பதற்குக் காரணங்கள் பல. 1949இல் தொடங்கிய கல்லோயா அபிவிருத்தித் திட்டம் இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருநீர்த்தேக்கத்தை உருவாக்கி, சிறுபோகச் செய்கைக்கும் நீர் கொடுத்ததால், இரு போகங்களுக்கிடையே இருந்த நீண்ட ஓய்வு பலருக்குக் குறுகியது. எருமைகளை வளைத்து விட்டுச் சூடு மிதித்த இரவுகளை உழவு இயந்திரமும், பின்னர் அறுவடை இயந்திரமும் சில மணி நேரங்களாகச் சுருக்கின. எல்லாவற்றுக்கும் மேலாக, 1980களின் நடுப்பகுதி முதல் 2009 வரை நீடித்த போர் இரவு வட்டையை அச்சத்தின் இடமாக்கியது. இருட்டில் உரத்துப் பாடுவது தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் செயலாக மாறியபோது, பதில் எதிர்பார்த்துப் பாடும் ஒரு கலை எவ்வாறு உயிரோடு இருக்க முடியும்?

பாட்டின் வழியாக வளர்ந்த அந்த உறவு இன்று பெரும்பாலும் பயணத்தின் வழியாக வெளிப்படுகிறது. கூட்டாளிமார் என்று இக்கரையில் அழைக்கப்படும் நண்பர்கள், பெரும்பாலும் ஒரே குர்ஆன் மதரசாவிலும் ஒரே வகுப்பிலும் படித்தவர்கள், அறுவடை முடிந்த வாரங்களில் வேன் பிடித்தோ மோட்டார் சைக்கிள்களில் வரிசையாகவோ புறப்படுகிறார்கள். தெற்கே சென்றால் திருக்கோவில், கோமாரி வழியாக இலங்கைத் தீவின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டியைக் கடந்து பொத்துவிலும் அறுகம்பையும் வரும்; சித்திரையிலிருந்து புரட்டாசி வரை நீளும் அலைச்சறுக்குப் பருவத்தில் உலகின் பல பாகங்களிலிருந்தும் வருவோரால் நிறையும் அறுகம்பைக் குடா, உள்ளூர் இளைஞர்களுக்குக் கடலில் குளித்துக் கரையில் ஆக்கித் தின்னும் இடமாகவே முதலில் பழக்கம். மேற்கே அம்பாறை நகருக்கு அப்பால் இங்கினியாகலை அணைக்கட்டும், அதனைச் சூழ்ந்து 1954இல் பிரகடனப்படுத்தப்பட்ட கல்லோயாத் தேசிய பூங்காவும் ஒரு பகற்பொழுதில் போய்வரக்கூடியவை. அரிசி, கிடாரம், கோழி, மசாலாச் சரக்கு, பாதி வழியில் வாங்கும் எருமைத் தயிர், ரபான் என்ற கைப்பறை ஒன்று ஆகியவற்றோடு புறப்படும் இப்பயணங்களில் ஹோட்டல் அறைக்கு இடமில்லை. யார் விறகு பொறுக்குவது, யார் ஆனம் காய்ச்சுவது என்ற பங்கீடே கூட்டத்தின் உள்ளுறவை வெளிக்காட்டும். ஆனம் என்பது இவ்வூர்களில் குழம்புக்குரிய பெயர்.

நெடுந்தூரப் பயணம் என்றால் அது பெரும்பாலும் சியாரத்தோடு, அதாவது இறைநேசர்களின் அடக்கத்தலங்களையும் நினைவிடங்களையும் தரிசிக்கும் வழக்கத்தோடு, இணைந்திருந்தது. பலாங்கொடைக்கு அப்பால் மலை விளிம்பில் அமைந்த கூரகலைப் பாறையில் உள்ள தப்தர் ஜெய்லானி, 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்து மறைந்த ஞானி அப்துல் காதிர் ஜீலானி பாவாதமலை எனப்படும் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழியில் தங்கித் தியானித்த இடம் என்று நம்பப்படுகிறது. கதிர்காமத்தில் முருகன் ஆலயத்துக்கு அருகிலேயே உள்ள பள்ளிவாசலும் அடக்கத்தலமும் மற்றொரு புகழ்பெற்ற யாத்திரைத் தலம். கிழக்குக் கரையிலிருந்து இவ்விடங்களுக்குக் குடும்பங்களாகவும் கூட்டாளிக் குழுக்களாகவும் சென்றவர்கள், பக்தியையும் களிப்பையும் பிரித்து எடைபோட்டதாகத் தெரியவில்லை. வழியில் குளிப்பதும், வேனுக்குள் பாடுவதும், தலத்தில் பாத்திஹா ஓதுவதும் ஒரே பயணத்தின் பகுதிகளாகவே இருந்தன.

பள்ளிவாசலைச் சுற்றிய சமூக அமைப்பு இதற்கு எவ்வாறு இடங்கொடுத்தது என்பதை அறிய, அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயின் எழுத்துகள் பெரிதும் உதவுகின்றன. இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் குடி எனப்படும் தாய்வழிக் கூட்டங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதையும், முஸ்லிம் ஊர்களில் ஒவ்வொரு குடியின் சார்பிலும் மரைக்கார் என்ற பிரதிநிதி பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்ந்திருந்ததையும் அவர் விரிவாக விளக்கியுள்ளார். 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்துக்குப் பின்னர் நம்பிக்கையாளர் சபைகள் சட்ட வடிவம் பெற்றபோதும், குடி மரைக்கார் என்ற எண்ணம் பல ஊர்களில் முற்றாக மறைந்துவிடவில்லை. இதன் பயன் மிக நடைமுறை சார்ந்தது: ஊர்க் கந்தூரி, அதாவது இறைநேசர் ஒருவரின் நினைவாக நடத்தப்படும் பொது விருந்து, அறிவிக்கப்பட்டால், நெல்லையும் மாட்டையும் விறகையும் உழைப்பையும் எந்த வீட்டிலிருந்து யார் திரட்டுவது என்பது முன்பே தெரிந்திருந்தது. அறுவடை முடிந்த கையோடு வரும் கந்தூரிக்கு நெல் தருவது எளிது; விளைந்ததில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அந்த விருந்து அனைவரும் காணும்படி நிலைநாட்டியது. ஒரே சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், போடியாரும் அவருடைய வயற்காரனும் கைவைத்து உண்ணும் அந்த நேரத்தை இக்கரையின் மிக உயர்ந்த சமூகச் சாதனைகளுள் ஒன்றாகக் கொள்வது மிகையாகாது.

இவற்றுள் மிகப் பெரியது கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்று விழா. தமிழ்நாட்டின் நாகூரில் 16ஆம் நூற்றாண்டில் மறைந்த சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக இரு நூற்றாண்டுகளாக நடந்துவரும் இவ்விழா, இஸ்லாமிய ஆண்டின் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் நீடிக்கிறது. நாகூராரின் நினைவிடங்கள் கடல்வழி வணிகர்களோடு பயணம் செய்தவை. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவும் பினாங்கில் உள்ளதும் இதே வகையின. அடக்கம் நாகூரில் இருக்க, கடல் கடந்த ஊர்களில் அவர் பெயரால் எழுந்த கட்டடங்கள் வெற்றிடத்தையே உள்ளே கொண்டிருந்தாலும், அவற்றைச் சுற்றி நிறைந்த கூட்டம் என்றும் குறைந்ததில்லை. கல்முனைக்குடியில் கொடிகள் ஊர்வலமாகத் தெருக்கள் வழியே வந்து கடற்கரையில் ஏற்றப்படுகின்றன. இரவுகளில் மௌலூது, அதாவது நபிகளாரையும் இறைநேசர்களையும் புகழும் அரபுப் பாக்களின் கூட்டு ஓதல், நடைபெறுகிறது. பக்கீர் பாவாக்கள் தாயிரா என்ற கைப்பறையை முழக்கி பைத் எனும் பாடல்களை இசைக்கிறார்கள். ரிபாயி என்ற சூபி நெறியைச் சார்ந்தோர் ராத்திபு என்ற கூட்டுச் சடங்கை நிகழ்த்துகிறார்கள். இறுதி நாளின் கந்தூரிச் சோறு வீடு வீடாகப் போய்ச் சேர்கிறது. நூறு குரல்கள் ஒரே மெட்டில் ஏறி இறங்கும் மௌலூதை ஒருமுறை நேரில் கேட்டவருக்கு, இசை என்பது பாடகர் ஒருவர் கேட்போர் பலருக்கு அளிப்பது என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளவே நேரும். இங்கே கேட்போர் என்று தனியாக எவருமில்லை.

இவ்விழா எப்போதும் அறுவடைக்குப் பிந்திய இளவேனிலில் வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இஸ்லாமிய ஆண்டு சந்திரனைப் பின்பற்றி ஏறத்தாழ 354 நாட்களைக் கொண்டதால், அதன் மாதங்கள் சூரிய ஆண்டுக்குள் வருடந்தோறும் சுமார் பதினொரு நாட்கள் முன்னகர்ந்து, ஏறக்குறைய 32 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்றை முடிக்கின்றன. 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் ஜமாதுல் ஆகிர் சித்திரைப் புத்தாண்டையொட்டியே வந்தது. போர் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்த வாரங்களில் அறுவடையும் கொடியேற்றமும் பாடசாலை விடுமுறையும் ஒருங்கே கூடின. அண்மைக் காலத்தில் விழா மார்கழி, தை மழைக்குள் நகர்ந்துவிட, இளவேனிலை ரமழான் எடுத்துக்கொண்டது. 2023இல் நோன்பு மார்ச் 24ஆம் திகதி வாக்கில் தொடங்கியது. 2024இல் அது மார்ச் நடுப்பகுதிக்கு முன்பே வந்துவிட்டது.

நோன்பு மாதம் பகலை அடக்கி இரவை விரிக்கிறது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் கிடாரத்தில் கொதிக்கும் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் சிறுவர்கள், தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பின்னர் தேநீர்க் கடை வாங்குகளில் விடியும்வரை பேசும் கூட்டாளிமார், பெண்களுக்கென அமைந்த தைக்காக்களுக்குச் சேர்ந்து போகும் அயல்வீட்டார் என ஊர் முழுவதும் முப்பது இரவுகள் விழித்திருக்கிறது. விடியலுக்கு முந்திய சஹர் உணவுக்கு மக்களை எழுப்பப் பக்கீர் பாவா ஒருவர் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவது, ஒலிபெருக்கியும் கைத்தொலைபேசியும் வந்த பின்னரும் சில இடங்களில் தொடர்ந்தது. தூக்கத்தின் விளிம்பில் கேட்கும் அந்தப் பறையொலியைக் குழந்தைப் பருவ நினைவுகளில் முதலாவதாகச் சொல்லும் மூத்தோரைப் பல ஊர்களில் காணலாம். பின்னர் வரும் பெருநாளும் அதற்கடுத்த நாட்களுமே இப்போது பயணத்தின் உச்சம். தொழுகை முடிந்து, உறவினர் வீடுகளில் வட்டிலப்பமும் தொதலும் உண்டு, மறுநாள் கூட்டாளிமார் புறப்பட்டுவிடுகிறார்கள்.

உடலசைவோடு கூடிய கலைகளில் பொல்லடியும் களிகம்பும் தனித்துப் பேசத்தக்கவை. இரு கைகளிலும் கழிகளை ஏந்தி, வட்டமாகச் சுற்றி, பாட்டின் தாளத்துக்கேற்ப அடுத்தவரின் கழியோடு மோதி ஆடும் இவ்வாட்டம் திருமணங்களிலும் சுன்னத்து வைபவங்களிலும் பெருநாட்களிலும் நிகழ்ந்தது. கூட்டாளிக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான கலை வேறில்லை என்று சொல்லத் துணியலாம், ஏனெனில் ஒருவர் ஒரு கணம் தாமதித்தாலும் வட்டம் முழுவதும் குலையும். அருகிலுள்ள தமிழ் ஊர்களில் கண்ணகி வழிபாட்டோடு தொடர்புற்று ஆடப்படும் வசந்தன் கூத்து, பெயரிலேயே இளவேனிலைக் கொண்டிருப்பதோடு, கழி ஏந்திய வட்ட ஆட்டத்திலும் உழவைப் பாடும் பொருளிலும் பொல்லடிக்கு மிக அண்மையில் நிற்கிறது. அதன் பாடல்களை தி. சதாசிவ ஐயர் 1940இல் திரட்டி வெளியிட்டார். இதே கரையில் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் இசை இலக்கணத்தையும் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. காரைதீவுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே உள்ள சில மைல் தூரத்தில் இத்தனை இசை மரபுகள் அடுத்தடுத்து வாழ்ந்திருப்பது, இப்பகுதியை இசையற்ற நெற்களஞ்சியமாக மட்டும் எண்ணுவோருக்குப் பதிலாக அமையும்.

பெண்களின் இளவேனிலைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. ஆயினும் அதன் அடித்தளம் வலுவானது. இப்பகுதி முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து, மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் இருப்பதால், தாயும் சகோதரிகளும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்நாள் முழுவதும் சேர்ந்திருக்கிறார்கள். ஆணின் கூட்டாளி வட்டம் திருமணத்தால் சற்றுத் தளர, பெண்ணின் வட்டம் திருமணத்தாலேயே உறுதிபெறுகிறது. பெருநாட் காலத்தில் வளவு மரங்களில் ஊஞ்சல் கட்டி, இரு பெண்கள் உந்த மற்றவர்கள் பாடும் ஊஞ்சற் பாட்டுகளும், பலர் சேர்ந்து தட்டும் ரபானும், மங்கல வேளைகளில் எழும் குரவையும் இந்த வட்டத்தின் இசை. ரமழான் இரவுகளிலும் அறுவடைக்குப் பிந்திய பின்மாலைகளிலும் வேலிக்கு அப்பால் செல்லாமலேயே ஒரு முழுக் கலைவாழ்வு நடைபெற்றது என்பதை, ஆண்களின் கவியைத் திரட்டிய அளவுக்கு எவரும் இன்னும் பதிவு செய்யவில்லை.

கிறிஸ்தவ சமூகத்தின் பங்கு எண்ணிக்கையில் சிறியதாயினும் இசையில் சிறியதன்று. 1814இல் இலங்கை வந்த மெதடிஸ்த மிஷனரிகளுள் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பணி தொடங்கி ஓராண்டுக்குள் மறைந்தபோதும், அவருக்குப் பின் வந்தவர்களின் பணி கல்முனை வரை பரவியது. மட்டக்களப்பில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், கத்தோலிக்க ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்து, தமக்கே உரிய கிரியோல் மொழியையும், வயலினும் ரபானும் சேர்ந்தொலிக்கும் கப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் திருமணங்களில் பேணிவருகிறார்கள். பங்குனிக்கும் சித்திரைக்கும் இடையே, முழுநிலவைக் கணித்து வரும் உயிர்த்த ஞாயிறு இச்சமூகங்களின் இளவேனிற் பெருநாள். அதனாலேயே 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, அந்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும் நாட்டின் வேறு இடங்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்கள் குழந்தைகள் உட்பட வழிபட வந்தோரைக் கொன்றது, கிழக்கின் இளவேனிலுக்கே ஏற்பட்ட காயமாகும். ஐந்து நாட்களுக்குப் பின், அத்தாக்குதல்களை நடத்திய குழுவைச் சேர்ந்தோர் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த வீட்டில் நிகழ்ந்த வெடிப்புகளிலும் மோதலிலும் குழந்தைகள் உயிரிழந்தனர். அவ்வாண்டு நோன்பு மே மாதத் தொடக்கத்தில் சோதனைச் சாவடிகளுக்கும் சந்தேகப் பார்வைகளுக்கும் நடுவே வந்தது. பயணங்கள் நின்றன, கூட்டங்கள் சுருங்கின. அத்தாக்குதலை நடத்தியோரின் கருத்துலகு, கிறிஸ்தவர்களை மட்டுமன்றி, கந்தூரியும் ராத்திபும் நடத்தும் முஸ்லிம்களையும் முன்னரே எதிரிகளாக வரித்திருந்தது என்பது மறக்கத் தகாத உண்மை.

வன்முறையோடு எவ்விதத் தொடர்புமில்லாத, நேர்மையான மார்க்க விவாதம் ஒன்றும் உண்டு. இறைநேசர் பெயரால் கந்தூரி கொடுப்பதும் கொடியேற்றுவதும் இஸ்லாத்தின் தூய வடிவுக்கு ஏற்புடையதா, இசைக்கருவிகளுக்கு எந்த அளவுக்கு இடமுண்டு என்ற கேள்விகளைக் கடந்த பல பத்தாண்டுகளாகச் சீர்திருத்த நோக்குடைய ஜமாஅத்துகள் எழுப்பிவந்துள்ளன. சூபி மரபைப் பின்பற்றுவோர் அவற்றுக்கு நூலாதாரங்களோடு விடையளித்தும் வருகின்றனர். இவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது உலமாக்களின் பணி. ஆனால் அதன் சமூக விளைவு ஒன்றைச் சுட்டாமலிருக்க முடியாது: ஊர்க் கந்தூரி நின்ற இடங்களில், அது கூட்டிவைத்த மனிதர்களைக் கூட்டக்கூடிய வேறொரு ஏற்பாடு பெரும்பாலும் எழவில்லை. சேர்ந்து சமைத்தலும் ஒரே சஹனில் உண்ணலும் குடும்ப வைபவங்களுக்குள் ஒதுங்கின. பயணம் நண்பர் குழுவின் தனிச்செயலாயிற்று. பாட்டு கைத்தொலைபேசிக்குள் அடங்கியது. மார்க்கக் கருத்து எதுவாயினும், பொது விருந்தையும் கூட்டு ஓதலையும் நீக்க விரும்புவோர் அவ்விடத்தில் வைப்பதற்கு எதைக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு.

கூடும் இடமே இல்லாமற் போவது இன்னொரு இழப்பு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போயா விடுமுறைக் காலையில் வந்த சுனாமி, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. இலங்கையின் வேறெந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு உயிரிழப்பு நேரவில்லை. அதன்பின் கடலோரத்தில் குடியிருப்பதும் கூடுவதும் நெடுநாள் அச்சத்துக்குரியவையாயின. அவ்வச்சம் தணிந்துவந்த வேளையில் ஒலுவிலில் துறைமுகம் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. கடலுக்குள் நீளும் கல்லணைகள் அதனைத் தடுத்தபோது தென்புறத்தில் மணல் குவிய, வடபுறத்தில் ஒலுவிலும் நிந்தவூரும் தம் கரையை இழந்தன. தென்னைகள் வேரோடு சாய்ந்து, பாடுகள் எனப்படும் கரைவலை இழுக்கும் இடங்கள் அழிந்து, மாலையில் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த மணல்வெளி கருங்கல் அடுக்காக மாறியது. கரைவலை இழுப்பதற்கு இருபது முப்பது பேர் ஒரே மூச்சில் பாடி இழுக்கும் அம்பாப் பாட்டு தேவைப்பட்டதை எண்ணினால், கரை போகும்போது ஒரு பாடல் வகையும் கூடவே போகிறது என்பது விளங்கும்.

இன்றைய அட்டாளைச்சேனையில் இளைஞர்களுக்கு ஆர்வக் குறைவு இல்லை. விளையாட்டுக் கழகங்கள் சித்திரை விடுமுறையில் மின்னொளிக் கிரிக்கெட் போட்டி நடத்துகின்றன, பல்கலைக்கழக மாணவர்கள் கலைவிழாக்களில் பொல்லடியை மேடையேற்றுகிறார்கள், கவியரங்குகள் நடக்கின்றன. குறைவாக இருப்பது தலைமுறைகளுக்கிடையிலான சந்திப்பே. மேடைப் பொல்லடி ஏழு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது; ஆடுவோர் சீருடை அணிந்து பார்ப்போரை நோக்கி நிற்கிறார்கள்; பாட்டைச் சொல்லிக்கொடுத்த அண்ணாவியார் முன்வரிசையில் பொன்னாடை பெற்று வீடு திரும்புகிறார். அவரை ஒரு சனிக்கிழமை மாலை வட்டைக்கோ களியோடை ஆற்றங்கரைக்கோ அழைத்துச் சென்று, சோறாக்கி, இரவு முழுவதும் பாடவைத்துக் கேட்டுப் பழகுவதற்குப் பெரிய நிதியோ அமைச்சின் அனுமதியோ தேவையில்லை. கையில் உள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக்கு உதவும். வீட்டிலுள்ள உம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் ஊஞ்சற் பாட்டைக் கேட்டு எழுதும் வேலையை, வீட்டு வளவுகளுக்குள் இயல்பாக நுழையக்கூடிய மாணவியரே செய்ய முடியும். ஒலுவில் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைக்கு இதைவிட அருகிலுள்ள களஆய்வு வேறெங்கும் கிடையாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. கந்தூரியை ஏற்கும் பள்ளிகள் அதனை நடத்தட்டும். ஏற்காத பள்ளிகள், அறுவடை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமையை ஊர் விருந்துக்கென ஒதுக்கி, எவருடைய பெயரையும் சூட்டாமல், நெல் தருவோரிடம் நெல்லும் தோள் தருவோரிடம் தோளும் பெற்று, அயலிலுள்ள தமிழ் ஊரவரையும் தேவாலயத்தவரையும் அழைத்துச் சோறு போடலாம். 2045 சித்திரையை ஒட்டி ஜமாதுல் ஆகிர் மீண்டும் பெரும்போக அறுவடையின் பின்னே வரும். இப்போது தராவீஹ் முடிந்து தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள் அப்போது மரைக்கார்களின் வயதை எட்டியிருப்பார்கள். கிடாரம் எத்தனை, எந்த வளவிலிருந்து விறகு, முதல் பைத்தை எடுத்துப் பாடுவது யார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்தவர்கள் இன்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு சிலரே எஞ்சியுள்ளனர்.